ரீஸைக் கொடுத்து புரூயிட்டை வாங்கலாமா?

தலைமையேற்று அமர்ந்து, ‘ஐந்தே நிமிடம்’ என்று இப்போதே எனக்கு விரல் விரித்துக் காட்டும் கழகத் தலைவர் டெல்பர்ட் அவர்களே! மைனஸ் முப்பது குளிரிலும் வண்டியைக் கிளப்பி வந்த வின்டன் ஊர்ப் பெரியோர்களே! வெளியூர் ஆட்டக்காரப் பிள்ளைகளை வீட்டில் வைத்து, வயிற்றுக்குச் சோறும் வாய்க்குப் பூட்டும் போடும் தாய்மார்களே! அனைவருக்கும் வெர்னாவின் வணக்கம்.

கேள்வி என்ன? நம் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் ரீஸை ஓக்ஃபீல்டுக்குக் கொடுத்துவிட்டு, முப்பத்திரண்டு கோல் அடித்த அவர்களுடைய புரூயிட்டை வாங்கலாமா? இரு அணிக்கும் லாபம் என்கிறார் தலைவர். கொடுப்பவருக்கும் லாபம், எடுப்பவருக்கும் லாபம் என்றால், ஏமாறுகிறவன் எங்கே ஐயா?

என்ன ஹெர்ப், பின்வரிசையில் முனகல்? “நீ அவனுக்குச் சோறு போடுறவ, அப்படித்தான் பேசுவ” என்றா? ஆமாம், போடுகிறேன்! இரண்டு குளிர்காலமாக என் வீட்டு மாடியில் இருக்கிறான். போனால் அழுவேன். ஆனால் அழுகை வேறு, அறிவு வேறு.

அதோ, கடைசி நாற்காலியில் அவனே இருக்கிறான். மூன்று நாளாகத் தினமும் ஆட்டம், இன்றும் ஆட்டம். ஆட்டநாளில் கோல்கீப்பரிடம் யாரும் பேசக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் அவனைக் கைமாற்றும் செய்தியைக்கூட யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தான். ஏன் என்று கேட்கவும் எனக்கு வழியில்லை.

நேற்று ஓக்ஃபீல்டில் புரூயிட்டுக்குச் சோறு போடும் ஆர்டித்தைப் போனில் அழைத்தேன்.

“ஏண்டி, உங்க பையன் போறானே, வருத்தமா இல்லையா?”

“வருத்தமா? உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டோம்னு எங்க ஊரே சிரிக்குதுடி!”

“என்னடி சொல்ற?”

“முப்பத்திரண்டுல இருபத்தெட்டு எங்க ஊர்ல அடிச்சது. கோலுக்குப் பின்னாடி பலகை ஆடிப்போய் ஸ்பிரிங் மாதிரி கெடக்கு. அதுல ஓங்கி அடிச்சா ரப்பர் வட்டு துள்ளி அவன் மட்டைகிட்டயே வந்து விழும். வெளியூர்ல அடிச்சா, பாவம், அங்கயே நிக்கும்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்? ஓரஸ்ட், தலையைக் குனியாதே! நீ என் கணவன்தான், ஆனால் இது பொதுமேடை. நம் அரங்கின் குளிர் இயந்திரம் கிழடு. ஓரஸ்ட் உறையவைக்கும் பனி கஞ்சிப் பதம். எவன் எவ்வளவு வேகமாக அடித்தாலும் வட்டு நம் கோலுக்கு நடந்துதான் வருகிறது! ரீஸ் தடுக்கிறான், நாம் கை தட்டுகிறோம். வெளியூரில் ஏழு கோல் வாங்கினால் என்ன சொன்னோம்? பஸ் அசதி! முந்தாநாள் தலைவர் என் கணவரிடம் என்ன சொன்னார்? “வாயைத் திறக்காதப்பா, அவங்க நல்லா ஏமாந்துட்டாங்க!”

யார் ஏமாந்தார்கள்? கஞ்சியில் பழகிய ரீஸ் அங்கே ஆடும் பலகைக்கு முன்னால் நிற்பான். ஆடும் பலகையில் பழகிய புரூயிட் இங்கே கஞ்சியைத் துழாவுவான். அவர்களுக்கா லாபம்? இல்லை! நமக்கா லாபம்? இல்லை! இருவருக்கும் லாபம் வேண்டுமென்றால், ஆட்டக்காரர்களோடு அரங்குகளையும் சேர்த்தல்லவா மாற்ற வேண்டும்!

மாற்றம் வேண்டாம் என்போர் கை தூக்குங்கள். அடேயப்பா! ஹெர்ப், நீயுமா? தலைவரே, உங்கள் கையும் மேலே இருக்கிறதே! மகராசனாக இருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஆட்டநாளில் அவனிடம் நான் பேசமாட்டேன். உங்களிடம்தான் சொல்கிறேன், அவன் காதில் விழுந்தால் விழட்டும்: பெட்டியைப் பிரிச்சு துணிமணியை அலமாரியில வைடா. மூணு மணிக்குச் சாப்பாடு. வணக்கம்.