மடியில் ஏறிய பிளாஸ்க்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் தன் ஒயர் கூடையை, வழக்கம்போல, உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தார். உள்ளே ஒரு பிளாஸ்க் இருந்தது. காப்பியாக இருக்கும் என்று பொறாமைப்பட்டேன்.

அருகில் நின்ற அவர் ஊர்க்காரர் கேட்டார்: "என்னக்கா, ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"நம்ம கிடாவுக்குத்தான்."

"கிடா எங்க?"

"வீட்டுல நிக்குது. அதோட விந்துதான் வருது, அந்த பிளாஸ்குல."

நடத்துனர் விசில் ஊத மறந்தார். எல்லோரும் என் மடியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"போன தடவை பாத்தப்ப, உசுரணு ஓடவே இல்லேன்னாங்க. ரெண்டு மாசமா மருமக காளானைக் காயவெச்சுப் பொடி பண்ணி, தீவனத்துல கலந்து குடுக்குறா. நம்மூரு மாட்டாஸ்பத்திரில மைக்ராஸ்கோப்பு ரிப்பேரு, அதான் தஞ்சாவூருக்கு."

"காளான்ல சரியாயிடுமாக்கா?"

"பாத்தாத்தானே தெரியும். குத்தகை நெலம் கோர்ட்டுல கெடக்கு. ஊரு ஆடெல்லாம் இந்தக் கிடாகிட்டதான் வரும், அதுலதான் அடுப்பு எரியுது. இப்பவும் ஓடலேன்னா கறிக்கடைக்குத்தான் போவணும்."

"அய்யய்யோ! ஆறிடாம இருக்கணுமே?"

"அதான் பயமா இருக்கு, பழைய பிளாஸ்கு, சூடு நிக்காது. ஒடம்புச் சூட்டுலயே கொண்டாரச் சொன்னாங்க டாக்டரம்மா."

ஜன்னல் வழியே ஆற்றுக் காற்று ஜில்லென்று அடித்தது. பிளாஸ்க்கை வெளியே எடுத்து, இத்தனை வருடம் எதற்கும் உதவாத என் தொப்பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.