கிதரும் பவுல்ராஜும் மோதினால்

செபாஸ்தியம்மாள்: …சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் மாமி. உங்க வீட்டு ஆளும் எங்க வீட்டு ஆளும் ஒரே காலத்துல பொறந்து, ஒரே கயித்துக்குள்ள நின்னு பாக்ஸிங் போட்டா… யாரு ஜெயிப்பா?

சர்புன்னிசா: இதக் கேக்கவா இந்த உச்சி வெயில்ல முத்தழகுபட்டியிலருந்து பேகம்பூருக்கு நடந்து வந்த?

செபாஸ்தியம்மாள்: சொல்லுங்களேன்.

சர்புன்னிசா: சொல்ல என்ன கெடக்கு? எங்க கிதர் முகம்மது முன்னாடி உம் புருசன் பவுல்ராஜ் மூணு ரவுண்டு தாங்க மாட்டான்.

செபாஸ்தியம்மாள்: ஆத்தாடி! எங்காளு மதுரையில கப்பு வாங்குனவரு. காலு தரையில பாவாது. உங்காளு கைய ஓங்குறதுக்குள்ள இவரு அந்தப் பக்கம் போயிருப்பாரு.

சர்புன்னிசா: ஓடட்டும். எம்புட்டுத் தூரம் ஓடுவான்? கயித்துக்குள்ளதான ஓடணும்! எங்காளு மொத ரெண்டு ரவுண்டு அடிக்கவே மாட்டாக. வாங்கிக்கிட்டே நிப்பாக. எதுத்தாளு எப்ப மூச்ச இழுக்குறான், எப்ப விடுறான்னு பாத்துக்கிட்டு…

செபாஸ்தியம்மாள்: அடி வாங்கிக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு சண்டையாக்கும்!

சர்புன்னிசா: மூணாவதுல எடது கை வரும்டி. விலாவுல ஒண்ணே ஒண்ணு. மெட்ராசுலருந்து வந்தவன் சுருண்டுட்டான். தூக்கிட்டுத்தான் போனாக.

செபாஸ்தியம்மாள்: அது வெள்ளைக்காரன் போன புதுசுல. அப்ப நிக்கிறதுக்கே ஆளு கெடையாது. இப்ப இவுக முட்டை என்ன, ஓட்டம் என்ன…

சர்புன்னிசா: போடி. அப்பத்த கிளவுசுல பஞ்சே இருக்காது. எலும்புக்கு எலும்பு பேசும். உம் புருசன் மாட்டுறது தலகாணில்ல?

செபாஸ்தியம்மாள்: ஐய… செத்தவுகளுக்கு வாய்த்துணை பலமாத்தான் இருக்கு.

சர்புன்னிசா: பின்ன? ஒருத்தன்கிட்டயும் தோக்காத மனுசன்.

செபாஸ்தியம்மாள்: எடது கைன்னீகளே… நெசமா எடது கையா மாமி?

சர்புன்னிசா: கட்டுனவளுக்குத் தெரியாதா? சாப்டுறது மட்டும் சோத்துக்கை, அது மார்க்கம். மத்தது எல்லாம் எடதுதான். ஏன், மூஞ்சி வெளுத்துப் போச்சு?

செபாஸ்தியம்மாள்: …செத்த உள்ள வந்து உக்காரட்டா?

சர்புன்னிசா: உள்ள புழுக்கம். வாசல்லயே உக்காரு. காத்து வருதுல்ல.

செபாஸ்தியம்மாள்: எங்காளு சோத்துக்கைக்காரரு. ஆனா போன வியாழக்கெழமையிலருந்து எல்லாத்துக்கும் எடது கை. பூட்டுத் தொறக்குறது, பட்டன் போடுறது, சவரம் பண்ணிக்கிறது கூட. அப்பவும் மூஞ்சியில ஒரு கீறல் விழல மாமி.

சர்புன்னிசா: கை சுளுக்கியிருக்கும்.

செபாஸ்தியம்மாள்: ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு பன்னிக்கறி எடுத்து வந்து வச்சேன். உசுரு அவருக்கு. தட்டத் தள்ளிவிட்டுட்டு வாசல்ல போயி வாந்தி எடுத்தாரு.

சர்புன்னிசா: வயித்துக்குச் சேரலன்னா…

செபாஸ்தியம்மாள்: எம் பொண்ணு அப்பான்னு ஓடிப் போயி காலக் கட்டிக்கிட்டா. குனிஞ்சு பாத்து, "யாரு பெத்த புள்ள இது"ன்னு கேட்டாரு மாமி… யாரு பெத்த புள்ளன்னு!

சர்புன்னிசா: …அழுகாத.

செபாஸ்தியம்மாள்: அழுகாம? கோயில்ல சொன்னா சிரிப்பாக. எங்கண்ணன் குடிச்சிருப்பாருங்கிறான். எனக்கு எம் புருசன் வேணும். அதுக்குத்தான் வந்தேன். அன்னிக்கு வியாழக்கெழமை இங்க வந்தாருல்ல? என்ன நடந்துச்சு?

சர்புன்னிசா: என்ன நடக்கும்? அவுக மவுத்தான நாளு, வருசப் பாத்தியா ஓதுறது. சோறு போட்டேன்.

செபாஸ்தியம்மாள்: அவருக்கு ஏன்? பேகம்பூர்ல உங்க ஆளுக இல்லையா?

சர்புன்னிசா: உனக்குத் தெரியாது தாயி. அவுக சாகுற அன்னிக்கு அந்த மெட்ராஸ்காரனை அடிச்சு ஜெயிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாக. பசிக்குது, சோத்தப் போடுன்னாக. கொழம்ப ஊத்திட்டுத் திரும்புறேன்… சரிஞ்சு கெடக்காக. தட்டுல கைய வைக்கல. பசியோட போன மனுசன். அதனால வருசா வருசம் அவுக போனப்ப இருந்த வயசுல ஒரு ஆம்பளையக் கூப்ட்டு, அதே சோறு, அதே கொழம்பு. எந்தச் சாதி எந்த மதமும் பாக்க மாட்டேன். இந்த வருசம் உம் புருசன். அவனும் பாக்ஸிங்காரன், அவுக சந்தோசப்படுவாகன்னு…

செபாஸ்தியம்மாள்: அம்புட்டுத்தானா?

சர்புன்னிசா: அவுக கைக்குச் சுத்துற துணி இருந்துச்சு. சின்னாளபட்டி நூலு. பெட்டியிலயே கெடந்தது. பவுல்ராஜ் ஆசையாப் பாத்தான். சுத்திக்கப்பான்னு குடுத்தேன்.

செபாஸ்தியம்மாள்: மாமி… என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சர்புன்னிசா: வாய் தவறிருச்சுடி! சோறு ஆறுதேன்னு ஒரு பதட்டம். அந்தத் துணியச் சுத்திக்கிட்டு முத்தத்து நடுவுல அவன் நின்ன நெலையப் பாத்ததும்… "ஏங்க, சாப்ட வாங்க"ன்னு கூப்ட்டுட்டேன். எம் புருசனக் கூப்டுற மாதிரி. பாத்தியா ஓதி முடிக்கல. சோத்துக்குச் சொந்தக்காரவுக பேரு சொல்லல. அதுக்குள்ள கூப்ட்டுட்டேன். கூப்டக் கூடாது.

செபாஸ்தியம்மாள்: சேசுவே…

சர்புன்னிசா: அவன் வந்து உக்காந்தான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னான். கையக் கழுவிட்டு அந்த மூடிக் கெடக்குற தோல்ஷாப்புக்குப் போனான், பிராக்டிசுக்கு.

செபாஸ்தியம்மாள்: அங்கதான் மாமி. வாச்மேன் சடையாண்டி சொன்னான். உள்ள எங்காளு ஒருத்தருதான். ஆனா ரெண்டு பேரு கால் மிதிக்கிற சத்தம் கேட்டுச்சாம். ரெண்டு பேரு மூச்சு. மொதல்ல எங்காளு சிரிக்கிற சத்தம், சரமாரியாக் குத்துற சத்தம். ரெண்டு ரவுண்டு மாதிரி நின்னு நின்னு கேட்டுச்சாம். அப்பறம்…

சர்புன்னிசா: ஒரே ஒரு குத்து.

செபாஸ்தியம்மாள்: உங்களுக்கு எப்புடித் தெரியும்?

சர்புன்னிசா: எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

செபாஸ்தியம்மாள்: வீட்டுக்கு வந்தாரு, விலாவுல கன்னிப்போயி இருந்துச்சு. தொட்டேன்… வலிக்கவே இல்ல அவருக்கு. அடுத்தவன் காயத்தப் பாக்குற மாதிரி பாத்தாரு. மாமி, உங்க காலைப் பிடிக்கிறேன். நீங்க சொன்னா உங்காளு கேப்பாரு. போதும், எங்காளு மேலருந்து எறங்கி வாங்கன்னு சொல்லுங்க. எம் பவுல்ராஜ் நல்ல மனுசன். ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் பண்ணாதவரு.

சர்புன்னிசா: நானும் நல்லவதான் தாயி. இருவத்திரெண்டு வயசுல வெள்ளைச்சீலை கட்டுனேன். எத்தனை பேரு கேட்டாக. ஒருத்தனையும் ஏறெடுத்துப் பாக்கல.

செபாஸ்தியம்மாள்: அதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?

சர்புன்னிசா: நீ ஒண்ணும் பண்ணல. அதான் எனக்கு நெஞ்சு அறுக்குது.

செபாஸ்தியம்மாள்: இன்னிக்குக் காலைல எந்திரிச்சவரு சட்டைய மாட்டிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு. செம்பட்டி ரோடு பூரா தேடிட்டேன், பஸ் ஸ்டாண்டு, தோல்ஷாப்பு எல்லாம். எங்க போயிருப்பாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கும்பிடுறேன்.

சர்புன்னிசா: செத்த மெதுவாப் பேசு.

செபாஸ்தியம்மாள்: ஏன் மாமி?

சர்புன்னிசா: உள்ள தூங்குறாக.

செபாஸ்தியம்மாள்: யாரு தூங்குறா? மாமி… நகருங்க. நகருங்க சொல்றேன்! எம் புருசன் உள்ள இருக்காரா? என்னங்க… ஏங்க! நாந்தான் செபாஸ்தி வந்திருக்கேன், வாங்க வீட்டுக்குப் போவோம்!

சர்புன்னிசா: கத்தாத புள்ள. வர மாட்டாக. படுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாக… "வாசல்ல ஒரு பொண்ணு வந்து அழுகும், பாவம், ஆனா கதவத் தொறந்துறாத"ன்னு.