இன்னொரு கண்

"ஒரு கண்ண கெடுத்தவன் கையிலயே இன்னொரு கண்ணயும் குடுக்கப் போறியா?"

அடையாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்து வந்தது இந்தக் கேள்வி. கேட்டவள் தங்கை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அக்கா, "எந்த ஸ்டாப்பு வந்துகீது பாரு" என்றாள். பேருந்து மயிலாப்பூர் சிக்னலை விட்டு இன்னும் நகரவே இல்லை. அதற்குள் அக்கா ஸ்டாப்பைப் பல தடவை கேட்டுவிட்டாள்.

"பேச்ச மாத்தாதக்கா. புரை எடுத்த அன்னிக்கி ராத்திரி பூரா வலில துடிச்ச. காலைல போனா, கட்டக்கூட அவுத்துப் பாக்காம மாத்திர குடுத்து அனுப்புனான். சீழ் புடிச்சி கண்ணே பூட்ச்சி. இப்ப இந்தக் கண்ணுல புரைன்னா, ஊர்ல வேற டாக்டரே இல்லியா?"

"போய்ப் பாத்தனே. எல்லாரும் ‘ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க’ன்றாங்க. அவரும் அன்னிக்கி அதத்தான் சொன்னாரு."

"இப்ப இன்னா சொல்றாராம்?"

அக்கா முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"‘எனக்கே பயமா இருக்கும்மா’ன்றாரு. அவரு ஒருத்தருதான் அப்டி சொன்னாரு."

"பயந்தவன் எப்டிக்கா ஆபரேஷன் பண்ணுவான்?"

"பண்ணவே மாட்டேன்னுட்டாரு. அதான் கெஞ்சிக் கேக்கலாம்னு போய்க்கினுகீறேன். ஸ்டாப்பு வந்துச்சா பாருடி."