நானூறா, இருநூறா?

...இல்ல சார், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அளக்கற மெஷின்னா ஒரே பேச்சு பேச வேணாமா? காலையில நானூறு நானோமீட்டர்ங்குது, மத்தியானம் இருநூறுங்குது! அதே குப்பி, அதே சரக்கு! கழட்டுங்க, நல்லாக் கழட்டிப் பாருங்க. ரிப்பேர் பண்ணத்தானே வந்திருக்கீங்க?

எட்டு மாசம் சார்! சோப்புத் தண்ணியில பவுடரைக் கரைச்சு, எழுபது டிகிரியில வெச்சு, நைட்ரஜனை ஊதி ஊதி... துளி வெளிக்காத்து பட்டாலும் கோவிச்சுக்கும், உருண்டையே திரளாது. எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு கோவிச்சுக்க மாட்டார். நாத்தனார் கேக்கறா, "அண்ணி, என்னதான் செய்யறீங்க?"ன்னு. கண்ணுக்கே தெரியாத ஜெல் உருண்டைன்னேன். "அப்ப செஞ்சீங்கன்னு எப்படித் தெரியும்?"ங்கறா! அதுக்குத்தானே இந்தப் பாழாப்போன மெஷின்!

ரொம்ப சூட்டிகையான உருண்டை சார். குளுந்தா தண்ணியக் குடிச்சு உப்பும். முப்பத்திரண்டு டிகிரியத் தாண்டினா தண்ணியக் கக்கிட்டு ஒடுங்கிக்கும். உள்ள மருந்தை வெச்சா, சூடு பட்ட இடத்துல அதையும் கக்கும். எனக்கே பாடம் எடுக்காதீங்க, பன்னெண்டு வருஷமா இதே மேசைதான்.

மூணு மணிக்கு எங்க லேப் மேடம் வராங்க. அளவு ஒண்ணா வரலேன்னா அத்தனையும் கொட்டிட்டு, வேலையைப் பக்கத்து மேசைக்காரருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. அவருக்கா! கண்ணாடிக் குச்சியால காது குடையற மனுஷன் சார்! அதனால மெஷின் கோளாறுன்னு ரெண்டே ரெண்டு வரி எழுதி...

என்ன, குப்பியா? இதோ, கையிலதான் இருக்கு. காலையில ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து ஒருதரம் அளப்பேன். அப்புறம் கீழயே வைக்கறதில்ல, உள்ளங்கையிலயே பொத்தி வெச்சுப்பேன். அந்த மனுஷனை நம்ப முடியாதே!

மெஷின் திரையில "சூடு சமனாகும் வரை காத்திருக்கவும்"னு வருமே, அதுவா? பத்து நிமிஷம் யார் சார் காத்துக் கெடப்பா? தட்டி விட்டுட்டு அளந்துடுவேன்.

ஏன் சார் என் கையையே பாக்கறீங்க? காய்ச்சலா? சேச்சே, எல்லாருக்கும் இருக்கற முப்பத்தேழு...

...முப்பத்தேழு.

ஐயோ.

எங்க, உள்ள வைங்க, இருபத்தஞ்சு டிகிரிக்கு ஆறட்டும்... காத்திருக்கேன் சார், பேசாம காத்திருக்கேன்... பேசறேனா? சரி, பேசல... எவ்வளவு காட்டுது? நானூறா! தங்கமே, அப்படியே இரு, மேடம் வர வரைக்கும் அசையாதே!

என்ன சார் எழுதறீங்க? காட்டுங்க... "கைச்சூடு"ன்னா? வேணாம் சார், மெஷின் கோளாறுன்னே எழுதிடுங்க. பாவம், அதுக்கென்ன, திருப்பிக் கேக்க வாயா இருக்கு?