சிவப்புக் கம்பிக்குப் பத்து இஸ்திரி

கோபத்திலும் குளிர்ந்த முகத்தோடு தலைமை தாங்கும் ஆலை மேலாளர் அம்மா அவர்களே! ஊசியின் காதில் உலகத்தையே கோக்கும் தையல்கூடத் தாய்மார்களே! ஒலிபெருக்கி கரகரத்தாலும் முகம் சுளிக்காத பெரியோர்களே! என் பிழைகளுக்கெல்லாம் ஏக சாட்சியான என் மச்சினி அவர்களே! சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று வணக்கம்!

இந்த ஆலையின் எலக்ட்ரீசியன் நான். என் வீரத்தை விண்ணறியும், மண்ணறியும்! யாரம்மா அங்கே சிரிப்பது? பொறுங்கள், சிரிக்கிற கட்டம் இனிமேல்தான் வருகிறது.

போன மாதம் நம் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்தது. சாதாரணக் கொதிப்பா? அதன்மேல் உட்கார்ந்த காக்கை வறுவலாக எழுந்து பறந்தது! சூரியனே நிழல் தேடி ஒதுங்கினான்! மேலாளர் அம்மா கையைப் பிசைந்தார்.

"இது தாங்காதுபோல இருக்கே. புதுசு வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் கூடத்தை மூடிட வேண்டியதுதான்."

நாற்பது தையல் இயந்திரங்கள் ஊமையாவதா? நாற்பது பேர் வீட்டில் உட்காருவதா? நெஞ்சை நிமிர்த்தினேன் நான்.

"தாங்கும்மா! அது எழுபத்தஞ்சு கேவிஏ சுமை தாங்கும். நம்ம சுமை அறுபதுதான். இன்னும் பதினஞ்சு மிச்சம்!"

என் கூட்டல் சரி. கொதிப்பும் நிஜம். என்ன மாயம் இது? மின் அளவைப் பணியில் இருக்கும் மச்சினியை அழைத்தோம். கம்பியைக் கவ்வும் மீட்டரோடு வந்து இறங்கினார்.

"மொத்தத்தை விடுங்க அத்தான். ஒவ்வொரு ஃபேஸா, கம்பி கம்பியா பாப்போம்."

சிவப்பில் நூற்று எழுபத்து நான்கு ஆம்பியர். அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் பெருக்கினால் நாற்பது கேவிஏ! மஞ்சளில் பன்னிரண்டு. நீலத்தில் வெறும் எட்டு!

"எழுபத்தஞ்சை மூணாப் பிரிச்சா ஃபேஸுக்கு இருபத்தஞ்சுதானே? சிவப்பு வேகுது, நீலம் குறட்டை விடுது. பத்து நீராவி இஸ்திரியையும் சிவப்புலயே மாட்டின புண்ணியவான் யாரு அத்தான்?"

அவையோரே, அந்தப் புண்ணியவான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்! ஏன் மாட்டினேன்? என் நாற்காலியை விட்டு எழாமலே கைக்கு எட்டிய ஸ்விட்ச் போர்டு அது ஒன்றுதான்! என்ன, முன்பே தெரியுமா? தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்?

ஏணி ஏறினேன். இஸ்திரி ஒன்றுக்கு நான்கு கேவிஏ; இரண்டை மஞ்சளுக்கும் மூன்றை நீலத்துக்கும் மாற்றினேன். இருபது, இருபது, இருபது! மொத்தம் அதே அறுபது. மாலைக்குள் டிரான்ஸ்ஃபார்மர் தணிந்தது. கூடத்தை ஒரு நாள்கூட மூடவில்லை!

ஆகவே சொல்கிறேன், கூட்டிப் பார்த்துக் குளிர்ந்துபோகாதீர்கள்! ஒருவர் தனியே வெந்துகொண்டிருப்பார், மொத்தக் கணக்கு பல்லிளித்துக்கொண்டிருக்கும்! சுமை எவ்வளவு என்று கேட்டீர்களே, யார் தலையில் என்று கேட்டீர்களா?

அந்த நாற்காலி என்ன ஆயிற்று? மேலாளர் அம்மா பறிமுதல் செய்துவிட்டார். இதோ, மேடை நடுவே நீங்கள் தைத்த பட்டு உறையோடு ஜொலிக்கிறதே, அதுதான்! வாம்மா மச்சினி, கூடத்தைக் காப்பாற்றியவள் நீதான், வந்து உட்காரு. கை தட்டுங்கள் தாய்மார்களே, நாற்பது இயந்திரமும் கேட்கட்டும்! எழுந்து நிற்கப் பழகிவிட்ட இந்த எலக்ட்ரீசியன், நின்றபடியே நன்றி கூறி, நின்றபடியே வணங்குகிறேன்!