பிள்ளையாருக்கு டூலிப்

பூவைச் செடியிலேயே வாடவிடுவது எனக்குப் பிடிக்காது. மட்டக்களப்பில் விடியமுன் எழும்பி, யார் வேலியில் செம்பரத்தை பூத்திருந்தாலும் சாமிக்கென்று பறிப்போம். அதைக் களவென்று எவரும் சொன்னதில்லை.

இந்தப் பனி தேசத்தில், புரோசார்ட் என்ற ஊரில், டொக்டர் வசுமதி வீட்டு பேஸ்மென்டில் நானும் எமிலியானுஸும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். இருவரும் அகதிகள். என் விசாரணை மே கடைசியில். திருப்பி அனுப்பினால் என் கதை முடிந்தது. பிள்ளையாரை விட்டால் எனக்கு யார்? என் அறைக்குள் இருந்த அவருக்கோ பனிக்காலம் முழுக்க பிளாஸ்டிக் பூ. எந்தக் கடவுள்தான் பொறுப்பார்?

டொக்டர் சென்னைக்காரர், நல்ல மனுசி. ஐப்பசிக் குளிரில் முழங்காலில் இருந்து டூலிப் கிழங்குகளை மண்ணுக்குள் தாட்டார். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பனி கரைந்து சில கிழமைகளில் வேலியோரம் முழுக்கச் சிவப்பு. பிள்ளையாருக்குச் சிவப்பென்றால் உயிர்.

முதல் நாள் ஒன்றுதான் கிள்ளினேன். சாமிக்குக் காம்பு எதற்கு? தலையை மட்டும். விசாரணை நெருங்க நெருங்க என் பக்தியும் கூடிவிட்டது. கடைசியில் ஒரு விடியற்காலை, சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாதென்று மிச்சம் எல்லாவற்றையும் கிள்ளி மாலை கட்டிப் போட்டேன். என்ன அழகு.

டொக்டர் மொட்டைத் தண்டுகளுக்கு நடுவில் நின்று அழுதார். "குழந்தை மாதிரி வளர்த்தேனே, யாரு இப்படிப் பண்ணினது? நீங்க பாத்தீங்களா அரியரத்தினம்?"

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அதனால் நான் வாயே திறக்கவில்லை. எமிலியானுஸின் கதவை மட்டும் ஒருமுறை பார்த்தேன். மே மாதம் மாதாவின் மாதம், இரண்டு பூ தருவீர்களா என்று முந்தின கிழமை டொக்டரிடம் கேட்டு ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்தான். கேட்டால் இப்படித்தான்.

அன்றே அவனை வெளியேறச் சொல்லிவிட்டார். பெட்டியோடு வாசலில் நின்று, "நான் தொடவேயில்லை அண்ணை. பறவாயில்லை, உங்கட கேசுக்கு மாதாவிட்ட மன்றாடுறன்" என்றான். பாவம், நல்ல பெடியன். எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. "யோசியாத தம்பி, உண்மை ஒருநாள் வெளிய வரும்" என்று ஆறுதல் சொல்லி, டோர்வல் பக்கம் அறை தேடிப் போக எந்த பஸ் என்றும் காட்டிவிட்டேன்.

கேஸ் வென்றது. எதனால் என்று பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தேன். மாலையால் என்று சொல்லமாட்டேன், மாதாவால் என்றும் சொல்லமாட்டேன். இத்தனை நடந்தும் ஒரு பொய் சொல்லாதவனை யாருக்குத்தான் திருப்பி அனுப்ப மனம் வரும்?