கடைசி வரியை எழுதவைத்த கணித ஆசிரியைக்கு

கணக்கென்றாலே கைகால் உதறிய எங்களைக் கரும்பலகை முன் கம்பீரமாக நிற்கவைத்த கண்ணியமே! கல்வராயன் மலையின் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பக் குடல் புரட்டினாலும், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு ஞாயிறு தவறாமல் வெள்ளிமலை வகுப்புக்கு ஏறிய வைராக்கியமே! களை எடுத்த கைக்கும் கரும்பு வெட்டிய கைக்கும் சாக்பீஸ் கொடுத்துச் சரிசமமாய் அமர்த்திய சான்றாண்மையே! கள்ளக்குறிச்சி மாலைநேரக் கல்வி மையம் தங்களை வணங்கி மகிழ்கிறது.

மடல் என்றால் விடைபெறுபவர் பெயரைத் தங்க எழுத்தில் தலைப்பில் போடுவதுதான் வழக்கம். இதில் போடவில்லை. "சார், மெயினான பேரையே வுட்டுட்டீங்களே!" என்று அச்சகத்துக்காரர் பதறிப்போய் போன் போட்டார். மறக்கவில்லை ஐயா, அது வரவேண்டிய இடத்தில் வரும் என்றோம். காரணம் தங்களுக்குத் தெரியும்; சபைக்குத்தான் சொல்ல வேண்டும்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வந்தவர் அம்சவள்ளி. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். கணவர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனவர், லோடு ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தார். பத்தாவது பாஸ் என்று ஒன்று இருந்தால் அம்சவள்ளி சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். உதவியாளர் சம்பளம் மருந்துக்கே போதாத அந்த வீட்டில் உலை கொதிக்க வேறு வழியே இல்லை.

மற்ற பாடங்களை எப்படியோ உருட்டிப் புரட்டிப் படித்துவிட்டார். கணக்கில் எக்ஸ் வந்த அன்று புத்தகத்தை மூடிவிட்டார். "எண்ணு கணக்குல எழுத்துக்கு இன்னா டீச்சர் வேல?"

தாங்கள் கோபப்படவில்லை. "அம்சவள்ளி, உங்க வூட்டுக்காரர் பேர சொல்லுங்க பாப்போம்" என்றீர்கள். அவர் வெட்கத்தில் தலையைக் குனிய, பக்கத்திலிருந்த ராஜாம்பாள்தான் அவருக்காகச் சொன்னார். பதிவு அலுவலகமோ ரேஷன் கடையோ, கணவர் பெயர் கேட்கும் இடத்தில் எல்லாம் நம் பெண்கள் பக்கத்து ஆளை விட்டுத்தானே சொல்லவைக்கிறார்கள்! தங்கள் கணவர் லூர்துராஜ் அவர்களை "லூர்து, குடையை எடுத்துக்கிட்டு வா" என்று தாங்கள் போனில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, வாயில் கைவைத்த வகுப்பு இது.

"பேர சொல்லாட்டியும் ஆளு யாருன்னு தெரியும் இல்ல? அவரு வந்தாரு, அவரு துன்னாருன்னு பேரில்லாமலே குடும்பம் நடத்தறீங்க இல்ல? இந்த எக்ஸும் அந்த அவருதான்" என்றீர்கள்.

அவ்வளவுதான், வகுப்பே கலகலத்துப் போனது. "அவர மூணால பெருக்கு", "அவர இந்தாண்ட கொண்டாந்து வுடு" என்று சிரிப்பும் கணக்குமாக ஓடியது. அம்சவள்ளிதான் எல்லோருக்கும் முன்னால் போட்டார். ஆனால் தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் மட்டும் தவறிப்போயிருந்தார்.

தங்களால் அதை நம்ப முடியவில்லை. அதே வினாத்தாளைக் கொடுத்து, தனியே உட்கார்த்திப் போடச் சொன்னீர்கள். ஒரு வழிமுறையிலும் பிசகில்லை. ஆனால் எக்ஸ் வந்த ஒவ்வொரு கணக்கிலும் 3x = 15 என்பது போன்ற இடத்தில் வந்து பேனா நின்றது. அதற்குக் கீழே வெற்றிடம்.

வகுப்பில் கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். அதைக் கேட்டு அவர் எழுதிக்கொள்வார். அடுத்தவர் வாயால் வந்தால் குற்றமில்லை. தேர்வறையில் பக்கத்தில் ராஜாம்பாள் இல்லை.

"அவருன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? அவரு இன்னான்னு எழுதுனா பேர சொன்ன மாரிதானே? அவரே படுத்துக்கினு இருக்காரு. அவரு ஆயுசுல கைவெக்க என்னால முடியாது" என்று சொல்லி அழுதார் அம்சவள்ளி.

தங்கள் உதாரணமே அவர் காலைக் கட்டிவிட்டது என்று தெரிந்ததும் தாங்களும் கலங்கினீர்கள். மறுநாளே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய், கட்டிலில் கிடந்த கணவரிடமே விஷயத்தைச் சொன்னீர்கள். அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆஸ்பத்திரில மைக்கு வெச்சி எம்பேர எத்தினி வாட்டி கூவுனாங்க! நான் பூட்டனா? நீ அடுப்புல வெந்துக்கினு கீறத படுத்துக்கினே பாக்கறேனே, அதாம்மே என் ஆயுச கொறைக்குது. எழுது."

அம்சவள்ளி எழுதினார். x = 5. எழுதிவிட்டு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை; அவர் டீ கேட்டார்.

அடுத்த தேர்வில் அம்சவள்ளி தேறினார். இன்று தியாகதுருகம் பக்கத்துப் பள்ளியொன்றில் சத்துணவு அமைப்பாளர். கம்பை ஊன்றி நடக்கும் கணவரோடு வந்து, இந்த மடலை மேடையில் வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

அம்மையீர்! இருபத்தாறு ஆண்டுகளில் தங்களிடம் படித்துத் தேறியவர் ஏராளம். தேறாமல் போனவரையும் வீடு தேடி வந்து விசாரித்த தங்கள் மனசுக்குத்தான் இந்த மாலை. பேரப்பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தாமல் கொஞ்ச காலமாவது ஓய்வெடுங்கள். மூட்டு வலி விட்டு, கண் தெளிந்து, லூர்துராஜ் ஐயா குடைபிடிக்கத் தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம்.

குருவின் பெயரைச் சொல்லக் கூசி, டீச்சர், டீச்சர் என்றே காலத்தை ஓட்டிவிட்டோம். கடைசி வரியை வெறுமையாக விடக்கூடாது என்பதும் தாங்கள் தந்த பாடம்தான். அதனால் அச்சகத்தில் இடம் விடச் சொல்லி, அம்சவள்ளியைக் கைப்பட எழுதவைத்தோம்.

எங்கள் டீச்சர் = ரீத்தா

அன்பில் நெகிழும்
மையத்தின் ஆசிரியர்கள், பணியாளர்கள், பயின்றோர்
அனைவருக்காகவும்,

அம்சவள்ளி
கணவர் பெயர்: பாவாடை